பைக் இழுக்கலையா? ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க



செஞ்சி மாதிரி ஊர்ல வேலைக்குப் போறவங்களுக்கு பைக் ஆடம்பரம் கிடையாது. ஊருக்கு ரயில் இல்லை. திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர், விழுப்புரமும் திருவண்ணாமலையும் அதைவிடத் தூரம். வண்டி ஓடினாத்தான் டைமுக்கு ஆபீஸ், மாசக் கடைசியில முழு சம்பளம். அதனாலதான் பத்து வருஷமா ஓடின வண்டி ஒருநாள் ஏத்தத்துல திணற ஆரம்பிச்சா, மனசு உடனே ஷோரூம் பக்கம் போயிடுது.

அதுக்குத் தோதா 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆகக் குறைஞ்சிருக்கு. "விலை இறங்கியிருக்கு, பழசைத் தள்ளிவிட்டு புதுசா எடுத்துடலாமே"ன்னு வீட்லயும் சொல்வாங்க, கூட வேலை பாக்குறவங்களும் சொல்வாங்க.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். வண்டி இழுக்கலைங்கிறது காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. காரணம் 150 ரூபாய் ஸ்பார்க் பிளக்காவும் இருக்கலாம், பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலையாவும் இருக்கலாம். எதுன்னு தெரியாம மூணு வருஷக் கடன்ல கையெழுத்துப் போடாதீங்க.

முதல்ல கடன் கணக்கு

ஒரு உதாரணம். 80,000 ரூபாய் கடன், குறையும் நிலுவைக்கு 14 சதவீத வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 2,734 ரூபாய். மொத்தமா கட்டுறது சுமார் 98,400. அதாவது வட்டி மட்டும் 18,400 ரூபாய். "பிளாட் ரேட் 10 சதவீதம்தான் சார்"னு சொன்னா இன்னும் உஷாரா இருங்க. மூணு வருஷக் கடன்ல அது குறையும் நிலுவைக் கணக்குக்கு கிட்டத்தட்ட 18 சதவீதம். முன்பணம், இன்சூரன்ஸ் எல்லாம் இதுக்கு மேல.

22,000 சம்பளத்துல 2,734ங்கிறது எட்டுல ஒரு பங்கு. அவ்வளவு பெரிய முடிவை எடுக்கிறதுக்கு முன்னாடி பழைய வண்டிக்கு ஒரு சோதனை வைக்க வேண்டாமா?

முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க 1690ல இருந்து 1698 வரைக்கும் முற்றுகை போட்டுச்சு. நமக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பாதி உண்மை தெரிஞ்சிடும். ஒரே விதிதான்: செலவில்லாததுல ஆரம்பிச்சு, செலவு அதிகமானதுக்குப் போகணும்.

பைசா செலவில்லாம பார்க்கக் கூடியவை

டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல வச்சு, பின் சக்கரத்தைக் கையால சுத்துங்க. லேசா சுத்தணும். பிடிச்சுப் பிடிச்சு நின்னா பிரேக் உரசுது, இல்லைன்னா செயின் ரொம்ப டைட்டா இருக்கு. இன்ஜின் நல்லா இருந்தும் வண்டி இழுக்காம போறதுக்கு இது ஒரு காரணம்.

ஆக்ஸிலரேட்டர் கேபிள் தளர்ந்திருந்தா, நீங்க முழுசா முறுக்கினாலும் கார்புரேட்டர் முழுசா திறக்காது. சோக் பாதியில சிக்கியிருந்தா வண்டி அடைச்ச மாதிரி போகும், பெட்ரோலும் குடிக்கும்.

இன்னொன்னு, பத்து கிலோமீட்டர் நல்லா ஓடிட்டு அப்புறம் சக்தி குறையுதா? ஓரமா நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து மூடிட்டு ஓட்டிப் பாருங்க. உடனே சரியாகிட்டா, மூடியில இருக்கிற காத்துத் துளை அடைச்சிருக்கு. டேங்குக்குள்ள காத்து போகலைன்னா பெட்ரோல் சரியா இறங்காது. துளையைச் சுத்தம் பண்ணினா வேலை முடிஞ்சது.

சில நூறு ரூபாய்ல முடியறவை

அடுத்து ஏர் ஃபில்டர். கிராமத்து ரோட்டுப் புழுதியில ஓடுற வண்டிக்கு இது சீக்கிரமே அடைக்கும். அப்புறம் இன்ஜின் ஆறினதும் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி நுனியைப் பாருங்க. வெளிர் பழுப்பு நிறமா இருந்தா நல்லது. காஞ்ச கரியா இருந்தா பெட்ரோல் அதிகமாவோ காத்து கம்மியாவோ போகுது. வெளுத்துப் போயிருந்தா பெட்ரோல் பத்தலை. எண்ணெய்ப் பிசுக்கோட கருப்பா இருந்தா இன்ஜின் ஆயில் எரியுது, அது கொஞ்சம் பெரிய விஷயம்.

கிளட்ச்சுக்கு ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. டாப் கியர்ல, டிராஃபிக் இல்லாத ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டர் குடுங்க. சத்தம் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. கேபிள்ல ஃப்ரீ பிளே இருக்கான்னு முதல்ல பாருங்க. கார் ஆயில் ஊத்தியிருந்தாலும் இப்படி ஆகலாம். பைக்ல கிளட்ச் பெரும்பாலும் ஆயில்லயே ஊறிக்கிட்டு இருக்கும். அதனால ஆயில் டப்பாவுல ஜாசோ எம்ஏ குறியீடு இருக்கான்னு பாருங்க.

டேப்பெட் கிளியரன்ஸை மெக்கானிக்கிட்ட விடுங்க. ஆனா இன்ஜின் ஆறினப்புறம் பார்க்கச் சொல்லுங்க. ரொம்ப டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் கசியும்.

பெட்ரோலும் மாறிடுச்சு

பிஎஸ்6 விதி வந்தது 2020 ஏப்ரல்ல. அதுக்கு முன்னாடி எடுத்த கம்யூட்டர் வண்டிகள்ல பெரும்பாலும் கார்புரேட்டர்தான். இப்ப பங்க்குல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால்லயே ஆக்ஸிஜன் இருக்கிறதால, பழைய அளவுல டியூன் பண்ணின கார்புரேட்டருக்கு அது கொஞ்சம் பெட்ரோல் பத்தாத கலவை ஆகிடும். நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு 10 சதவீதக் கலவைக்கு டியூன் பண்ணின டூ வீலர்ல 3–4 சதவீதம் மைலேஜ் குறையலாம்னு சொல்லியிருக்கு. பழைய வண்டிகள்ல சில ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம்னு பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்ட்ல சொல்லுச்சு.

ஆகவே பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரப்பர், கேஸ்கெட் இதையெல்லாம் ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க. ரொம்ப நாள் ஓட்டாம வச்சிருந்த வண்டின்னா, கார்புரேட்டர் கிண்ணத்துல தேங்கின தண்ணியையும் அழுக்கையும் இறக்கச் சொல்லுங்க.

இன்ஜினைத் திறக்கணும்னு சொன்னா

சைலன்சர்ல நீலப் புகை, அடிக்கடி ஆயில் குறையுது, கிக்கர் மிதிச்சா கெத்தே இல்லை. இந்த மூணும் சேர்ந்து வந்தா பிஸ்டன் ரிங், போர் பக்கம் சந்தேகப்படலாம். அப்பவும் உடனே இன்ஜினை இறக்க விடாதீங்க. "அண்ணே, முதல்ல கேஜ் வச்சு கம்ப்ரஷன் பாருங்க"ன்னு கேளுங்க. சிலிண்டருக்குள்ள கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்து ரீடிங் ஏறினா ரிங், போர் தேய்மானம். ஏறலைன்னா வால்வு பக்கம் பிரச்சனை இருக்கலாம். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க. மாத்தின பழைய பாகத்தைக் கையில கேளுங்க. ஒரே நாள்ல நாலு பாகத்தை மாத்தினா எதனால சரியாச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எப்ப விக்கலாம்?

பழசைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு நான் சொல்லலை. சேசிஸ் துருப்பிடிச்சிருந்தா, பார்ட்ஸ் கிடைக்கலைன்னா, ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்து லீவு போட வைக்குதுன்னா, வித்துடுங்க. ஹைவேல லாரியை ஓவர்டேக் பண்றப்போ சக்தி இல்லாம நிக்கிற வண்டியை சரிபண்ணாம ஓட்டவே கூடாது. பணத்தைவிட உயிர் பெருசு. ஆர்சிக்கு 15 வருஷம் முடியப் போகுதுன்னா அந்தச் செலவையும் சேருங்க. புதுப்பிக்க 1,000 ரூபாய் கட்டணம், 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2,000. பசுமை வரி தனி.

மத்தபடி என் அளவுகோல் இதுதான்: அடுத்த ஒரு வருஷத்துக்கு ஆகப்போற ரிப்பேர் செலவையும் ஒரு வருஷ இஎம்ஐயையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. நம்ம உதாரணத்துல இஎம்ஐ வருஷத்துக்கு 32,800 ரூபாய். ரிப்பேர் அதுல பாதியைக் கூடத் தொடலைன்னா வண்டியை வச்சுக்கோங்க.

வச்சுக்கிட்டா ஒரு வேலை கண்டிப்பா செய்யுங்க. கட்டாத அந்த இஎம்ஐயில மாசம் 2,700 ரூபாயை ஆர்டியில போடுங்க. இரண்டு வருஷத்துல வட்டி இல்லாமலே 64,800 ரூபாய் சேரும். அப்ப ஷோரூமுக்குப் போங்க. கடன் கொஞ்சமா வாங்கினா போதும், பேரம் பேசுற தெம்பும் உங்க பக்கம் இருக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை பிளக் ஸ்பானரை எடுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!