காற்றை அடைத்தால் போதுமா?

பினாங்கு லெபு குயீன் மகா மாரியம்மன் கோயில் வாசலில் முல்லைச்சரம் வாங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்த பையன் பிடித்துக்கொண்டான். "அண்ணே, பழைய கொரோலாவுக்கு 4ஏ-ஜிஇ இஞ்சின் மாத்துறேன். மேல ஒரு சூப்பர்சார்ஜர் வச்சிட்டா பறக்கும்ல?"

பறக்கும், எத்தனை நாளைக்கு? அதே 1,587 சிசி இஞ்சினுக்கு டொயோட்டாவே 1986இல் எம்ஆர்2 காரில் சூப்பர்சார்ஜர் வைத்தது. ஆனால் அப்படியே தூக்கி மாட்டிவிடவில்லை. கம்ப்ரஷன் விகிதத்தை 9.4இலிருந்து 8ஆக இறக்கியது, பிஸ்டனை மாற்றியது, மேலே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வைத்தது. சூப்பர்சார்ஜர் அமுக்கிய காற்று கொதிக்கும்; அந்தச் சூட்டில் பெட்ரோல் தன் முறை வருமுன்னே தானாக வெடிக்கும். 'டக்டக்' என்று சத்தம் வந்தால் பிஸ்டனுக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம்.

இருந்தும் ஏன் இந்த ஆசை? இங்கே சாலை வரி சிசி கணக்குத்தான், இந்த 1,587 சிசிக்கு 90 ரிங்கிட். காற்றுக்கு வரி கிடையாது. பையன்களுக்கு ஆசை அங்கேதான் முளைக்கிறது. என்னைக் கேட்டால், சூப்பர்சார்ஜரோடே பிறந்த 4ஏ-ஜிஇசட்இ இஞ்சினை பழைய கார்களை வெட்டி விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் தேடலாம். எதை மாட்டினாலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வாகனச் சோதனையும் உண்டு.

எல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். "அது சரிண்ணே, அந்த 'உய்ய்ங்' சத்தம் நல்லா வருமா?"