உடல் நோவும் தேகப் பயிற்சியும்

மாதக் கணக்கில் உடம்பெங்கும் நோவு, உறங்கி எழுந்தாலும் தீராத அசதி, ஞாபக மறதி. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரே படத்திலும் ஒரு குறையும் தென்படுவதில்லை. இந்த வியாதிக்குப் பைப்ரோமயால்ஜியா என்று பெயர். தசையோ மூட்டோ கெட்டுப்போவதால் இது விளைவதன்று. நோவை உணரும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையடைவதே காரணம் என்பது இன்று நிபுணர்களிற் பெரும்பாலோரின் அபிப்பிராயம். இதனால் துன்புறுவோரில் ஸ்திரீகளே அதிகம். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றதும், வேலைக்கு அஞ்சிப் பாசாங்கு செய்கிறாள் என்று வீட்டாரே பழிப்பதுண்டு. அப்பழி நோவினும் கொடிது.

அப்பழிக்கு இனி இடமில்லை. 1990-ல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கழகம் இவ்வியாதிக்கு இலட்சணங்களை வகுத்தது. 2022-ல் அமுலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் வியாதி அட்டவணை, நாட்பட்ட நோவைத் தனி வியாதியாகவே ஏற்றுக்கொண்டது.

சிகிச்சை என்ன? ஐரோப்பிய வாதநோய் சங்கத்தார் ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்து 2016-ல் வெளியிட்ட முடிவுகளில், பலமாகச் சிபார்சு செய்யப்பட்டது தேகப் பயிற்சி ஒன்றே. மருந்துகளுக்குக் கிடைத்ததெல்லாம் அரைமனச் சம்மதந்தான். 226 பேரைக் கொண்டு நடத்தி 2018-ல் வெளியிடப்பட்ட ஓர் அமெரிக்கப் பரிசோதனை, சீனரின் தாய்ச்சி என்னும் நிதானமான அப்பியாசமும் இவ்வியாதிக்கு நற்பலன் தருமென்று காட்டிற்று. பயிற்சி வியாதியை வேரறுக்கும் என்று நாம் சொல்லவில்லை. நோவைத் தணித்து நடமாட்டத்தை மீட்டுத் தரும் என்பதே உண்மை. முதலில் நோவு சற்று மிகுதியாகலாம். ஆகையால் சில நிமிஷ நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும்.

இவ்வுண்மை அரியலூர் ஜில்லா வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களுக்கு எட்ட வேண்டாமா? முந்திரி விளையும் அச்சீமையில், நாளெல்லாம் குனிந்து கொட்டை பொறுக்கும் பெண்ணுக்குப் பயிற்சி வேறா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்போம். கூலி வேலை உடம்பின் சக்தியைக் கேட்டு அளவு வைப்பதில்லை. பயிற்சியோ உடம்பறிந்து அளவு வைப்பது. முன்னது உழைப்பு, பின்னது சிகிச்சை.

சர்க்கார் இதற்கு வழி வகுக்காமலில்லை. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருமாறு சேர்க்கப்பட்டது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைத் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆனால் 8 கிலோமீட்டர் திடகாத்திரருக்கே தகும். நோயாளிக்குத் தெருக்கோடியே முதல் எல்லை.

ஆகவே நாம் கோருவது இவை: ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்வியாதியை இனங்காணப் பழக்குக; ஊசி போட்டு, ஓய்வெடு என்று அனுப்பிவிடாது, நோயாளியை இயன்முறை நிபுணரிடம் சேர்ப்பிக்குக; பேரூராட்சிகள் ஸ்திரீகள் அச்சமின்றி நடக்க விளக்குள்ள பாதை அமைக்குக. ஊர்க் கூட்டங்களில் பேசும் தொண்டர்கள் இவற்றையும் தங்கள் கோரிக்கைகளிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு ஆடவர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு: நோவென்று சொல்பவளை நம்பி, தினம் அரைமணி நேரம் வீட்டு வேலையிலிருந்து அவளுக்கு விடுதலை கொடுப்பது. அதற்குச் சர்க்காரின் உத்தரவு தேவையில்லை.