செக்டரிடம் கற்றவர்கள்

வியன்னாவின் சைமன் செக்டரை வறட்டு இசை இலக்கண வாத்தியார் என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்த ஷூபர்ட், 1828 நவம்பரில் பல மெட்டுகளை ஒன்றாக இழைக்கும் கவுண்டர்பாயிண்ட் கலையைக் கற்க அவரிடம்தான் போனார். ஒரே ஒரு பாடம். அதே மாதம், 31 வயதில், ஷூபர்ட் இறந்துவிட்டார். அத்தனை படைத்தபின்னும் கற்கப் போன அந்தப் பணிவை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. பின்னாளில் செக்டரிடம் வந்தவர் ஆன்டன் ப்ரூக்னர். 1855 முதல் 1861 வரை, லின்ட்ஸ் நகரத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டே, நோட்டு நோட்டாகப் பயிற்சிகளைத் தபாலில் அனுப்பித் திருத்தம் வாங்கினார். படிப்பு முடியும்வரை சொந்தமாக இசையமைக்கக் கூடாது என்பது குருவின் கண்டிப்பான நிபந்தனை. கொடுமை என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ப்ரூக்னரின் சிம்பொனிகள் அத்தனையும் அதற்குப் பிறகு பிறந்தவை. செக்டர் காலமானபின், 1868இல், வியன்னா கன்சர்வேட்டரியில் அவர் பார்த்த ஆசிரியர் வேலைக்கு வந்தவரும் ப்ரூக்னர்தான்.