அவளுக்கு அங்கே என்ன வேலை?

கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான செய்தியை ஒருவன் அதில் பகிர்ந்தான். அடுத்த நிமிடமே கேள்வி வந்தது: “ராத்திரி பத்து மணிக்கு அவளுக்கு அங்க என்ன வேலை?” ஆறேழு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சாதி ஒழிப்புக் கூட்டங்களில் பேசுகிற நான், நண்பர்களுக்குள் எதற்குச் சண்டை என்று அன்று வாயை மூடிக்கொண்டேன்.

வல்லுறவுப் பண்பாடு என்பது இதுதான் தோழர்களே. குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பெண்ணை விசாரிப்பது. அதைக் கேட்டும் பேசாமல் இருப்பது.

நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் எழுதிவந்த ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். அதில் குற்றவாளியே இல்லை. பெண்ணிடமிருந்து ஏதோ பறிபோய்விட்டது என்பது மட்டுமே இருக்கிறது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே பெரியார் கற்பை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

அகமணமே சாதியின் உயிர் என்று 1916இலேயே அம்பேத்கர் எழுதினார். அகமணம் நிலைக்க வேண்டுமானால் பெண்ணின் உடல் காவலில் இருக்க வேண்டும். அதனால்தான் தன் சாதிப் பெண் விரும்பியவனை மணந்தால் ஆணவக் கொலை செய்கிறார்கள். ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடல் மட்டும் யாரும் தொடலாம் என்று திறந்துவிடப்படுகிறது. அவளுக்குக் கற்பே இல்லை என்று முடிவு செய்தவர்களுக்கு, அவள் மீது நடப்பது குற்றமாகவே தெரிவதில்லை.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டார். மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டார்கள் என்பதும் 1995இல் விசாரணை நீதிமன்றம் விடுதலைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் தீட்டு என்ற அதே நம்பிக்கை அங்கே குற்றவாளிகளுக்குக் கவசமானது.

அதே 1992இல், ஜூன் 20 அன்று, நம் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்தார்கள். 18 பழங்குடிப் பெண்களை வல்லுறவு செய்தார்கள். பிறகு ‘கடத்தல்காரர்கள்’ என்று பாதிக்கப்பட்டவர்களையே சிறையில் அடைத்தார்கள். வாட்ஸ்அப்பில் “என்ன வேலை” என்று கேட்டவன் செய்வதைத்தான், இங்கே அரசு வழக்கு எண் போட்டுச் செய்தது.

ஆனால் அந்தப் பெண்கள் தலைகுனியவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க, நீதிமன்றத்தில் நின்று நடந்ததைச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடந்த கொடுமைக்கு 31 ஆண்டுகள் என்பது நீதி அல்ல, தண்டனை. ஆனாலும் வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை அவர்கள் நாடறிய மாற்றிக் காட்டினார்கள்.

அவர்கள் சீருடைக்கு முன்னால் பேசினார்கள். நம்மால் ஒரு நண்பனிடம் பேச முடியாதா? தூக்குத் தண்டனை, என்கவுன்டர் என்று கூவுவது எளிது. அதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. புகார் கொடுக்கப் போகும் பெண்ணோடு காவல் நிலையம் வரை நடப்பதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதும், வழக்கு இழுக்கும் ஆண்டுகளிலும் கூட நிற்பதும்தான் கடினம். நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு தோழர் மீது புகார் வந்தால், “இயக்கத்தின் பெயர் கெடும்” என்று சொல்லாமல் இருப்பது அதைவிடக் கடினம். குடும்ப மானத்தின் இடத்தில் இயக்க மானத்தை வைப்பதில் எந்த விடுதலையும் இல்லை.

போன வாரம் குழுவில் மறுபடியும் அதே கேள்வி வந்தது. இந்த முறை எழுதினேன்: “அவனுக்கு அங்க என்ன வேலைன்னு ஏன்டா யாரும் கேக்கல?” ஒருவன் குழுவிலிருந்து வெளியேறினான். இன்னொருவன் இரவு தனியாக அழைத்து ஒரு மணி நேரம் வாதாடினான். அவன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசப் போகிறோம்.