கோவில் சாவி யார் கையில் இருந்தது?

திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு கமுதிக்கும் போகிறது. அந்தக் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவில் இருக்கிறது. 1897-ம் வருஷம் மே மாதம் நாடார் சமூகத்தார் சிலர் அந்தக் கோவிலுக்குள் சென்று சாமி கும்பிட்டார்கள். அவர்கள் செய்த ‘குற்றம்’ அவ்வளவுதான்.

கோர்ட்டுக்குப் போனவர் யார்? ராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி. கோவிலின் பரம்பரை தர்மகர்த்தாவும் அவரே. தீட்டுக் கழிக்க 2,500 ரூபாய் வேண்டும் என்றார். 1899-ல் கோர்ட்டு 500 ரூபாய் கட்டச் சொன்னது. இனி நுழையக் கூடாது என்றும் தடை போட்டது. சென்னை ஹைகோர்ட்டும் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை. 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. நம் ஊர் தெய்வத்தை நம் ஊரான் கும்பிடலாமா என்று கடல் கடந்து உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரன் தீர்ப்புச் சொன்னான்! ‘வழக்கம்’ என்ற ஒரே சொல் ஜமீனுக்கும் போதும், சர்க்காருக்கும் போதும்.

இது தனி ஒரு ராஜாவின் குணத்தைப் பற்றிய பேச்சல்ல. வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் தீர்வை வாங்கிய கையே கோவில் சாவியையும் வைத்திருந்தது. விஷயம் அதுதான்.

மத்திய கால ஐரோப்பாவிலும் இதே கதைதான். குடியானவன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மாதா கோவிலுக்கு அளந்தான். பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தான். பிஷப்பும் மடமும் தாங்களே பெரிய நிலப்பிரபுக்களாக இருந்தார்கள். போப்புக்கும் ராஜாவுக்கும் சண்டை வராமல் இல்லை. 1077-ல் ஜெர்மன் அரசன் நான்காம் ஹென்றி கனோசா கோட்டை வாசலில் பனியில் நின்று போப்பிடம் மன்னிப்புக் கேட்டான். ஆனால் அது யார் பெரியவர் என்ற சண்டை. ஏழையின் முதுகிலிருந்து யார் இறங்குவது என்ற சண்டையல்ல. 1525-ல் ஜெர்மன் விவசாயிகள், “எங்கள் ஊர்ப் பாதிரியாரை நாங்களே தேர்ந்தெடுப்போம், அடிமைத்தனம் ஒழிக” என்று எழுந்தார்கள். அப்போது பிரபுக்களின் வாள் பாய்ந்தது. மதச் சீர்திருத்தம் பேசிய மார்ட்டின் லூதரும் பிரபுக்கள் பக்கமே நின்றார்.

கமுதிக்குத் திரும்புவோம். வழக்கில் நாடார்கள் சொன்ன வாதம் என்ன? “நாங்கள் க்ஷத்திரியர், பாண்டியர் வழி வந்தவர்கள்” என்பது. அந்த வாதம் எடுபடவில்லை. அவர்களுடைய துணிச்சலை நாம் குறைத்துப் பேசவில்லை. 1899 ஜூனில் சிவகாசியில் வீடுகள் எரிந்ததையும் உயிர்கள் போனதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் ஏணியில் ஒரு படி மேலே இடம் கேட்டால் ஏணியையே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அவர்களுக்குப் பின்னால் பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அதே வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

கதவு எப்போது திறந்தது? 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் சேர்த்தே அழைத்துச் சென்றார். 1947-ல் மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. மறு வருஷமே ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கோவில் சாவியும் நிலத்தின் சாவியும் ஒரே காலத்தில் ஆட்டம் கண்டது தற்செயலா? இல்லை. தனி ஜாதியின் அந்தஸ்தாகக் கேட்டபோது கிடைக்காதது, எல்லோருக்கும் உரிமை என்று கேட்டபோது கிடைத்தது.

முழுதும் கிடைத்துவிட்டதா? 2023-ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறில் திரௌபதி அம்மன் கோவிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சட்டம் வந்து எழுபத்தாறு வருஷம் கழித்து!

“நமக்குக் கூலிப் பிரச்னையே தலைக்கு மேல் கிடக்கிறது; கோவில் பிரச்னை எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பக்கத்துத் தறிக்காரனைத் தள்ளி நிறுத்துகிறவன், திங்கட்கிழமை மில் வாசலில் அவன் தோளோடு தோள் எப்படி நிற்பான்? மிளகாய்க் காட்டில் கூலி உயர்வு கேட்கும்போது அவனை எந்த முகத்தோடு கூப்பிடுவான்?

முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும்.