பக்கவாத்தியம் கேளாத செவிகள்

இரண்டு கிதார் கலைஞர்கள் ஒரே மேடையில் ஏறிவிட்டால் நம் ரசிக நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: யார் ஜெயித்தது? மல்யுத்தம் பார்த்துத் திரும்பியவனிடம் கேட்கவேண்டியதைக் கச்சேரி கேட்டுத் திரும்பியவனிடம் கேட்கிறார்கள். அதைவிட வியப்பு, அவனும் தயங்காமல் பதில் சொல்கிறான் என்பது. விநாடிக்கு எத்தனை சுரம், எவர் விரல் எந்த இடத்தில் இடறியது, எவர் எவரை ‘விழுங்கினார்’ என்று கணக்கு ஒப்புவிக்கப்படுகிறது. ஜாஸ் பக்கமிருந்து ஒருவரும் ராக் பக்கமிருந்து ஒருவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று வாசித்தால் சொல்லவே வேண்டாம். இரு கட்சிகளும் கொடி பிடித்துக் கிளம்பிவிடுகின்றன.

இந்தக் கணக்கு வழக்கை வெளியே நின்று ஏளனம் செய்யும் தகுதி எங்களுக்கு இல்லை. பல ஆண்டுகள் நாங்களே அதன் கணக்கப்பிள்ளைகளாக இருந்தோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறோம்.

1980 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை இரவு. சான் பிரான்சிஸ்கோ நகரின் வார்ஃபீல்ட் அரங்கில் மூவர் வாசித்தார்கள். மைல்ஸ் டேவிஸோடு வாசித்து, பின்பு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை நிறுவிய ஆங்கிலேயர் ஜான் மெக்லாலின். ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ குழுவின் வழியே ஜாஸும் ராக்கும் கலந்த இசைக்கு இளவயதிலேயே வந்து சேர்ந்த அமெரிக்கர் அல் டி மியோலா. அண்டலூசிய ஃப்ளமெங்கோ மரபில் பிறந்து வளர்ந்த ஸ்பானியர் பாகோ தெ லூஸியா. அந்த இரவின் பதிவு 1981-ல் ‘ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ’ என்ற பெயரில் வெளிவந்தது. சேர்ந்து வாசிக்கும் கிதார் மேதைகள் என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தத் தட்டில் வந்துதான் முடிகிறது. வேக வழிபாட்டின் மூலவிக்கிரகம் என்று இதைச் சொல்லலாம்.

எங்களுக்கு அது நகலின் நகலான ஓர் ஒலிநாடாவில் வந்து சேர்ந்தது. கேட்டது ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட டேப்ரெக்கார்டரில். மூன்று கிதார்களும் ஒரு துளை வழியாகப் பிதுங்கி வெளியே வந்தன. அந்த நெரிசலில் காதுக்குத் தனியாகத் தெரிந்தவை மின்னல்போல் ஓடிய சுரக்கோவைகள் மட்டுமே. ஒவ்வோர் ஓட்டம் முடியும்போதும் அரங்கிலிருந்து கூச்சல் எழும். பதிவில் அந்தக் கூச்சலும் இருக்கிறது. நாங்களும் சேர்ந்து கூவினோம். இரவு முழுக்க நடந்த வாக்குவாதத்தில் எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் டி மியோலா கட்சி, மீதிப் பேர் மெக்லாலின் கட்சி. பாகோவுக்கு அனுதாப வாக்குகள் சில விழுந்தன.

பல ஆண்டுகள் கழித்துக் குறுந்தட்டும் ஹெட்போனும் கிடைத்தபோதுதான் தட்டின் உறையில் அச்சிட்டிருந்த ஒரு சிறு குறிப்புக்குப் பொருள் விளங்கிற்று. இடப்பக்கம் பாகோ, நடுவில் மெக்லாலின், வலப்பக்கம் டி மியோலா என்று அந்தப் பதிவு பிரித்துக் கலக்கப்பட்டிருக்கிறது. ‘மெடிட்டரேனியன் சன்டான்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் தற்செயலாக வலது காதைத் திறந்துவிட்டார். டி மியோலா மறைந்தார். எஞ்சி நின்றது இடப்பக்கத்து பாகோ. எதிரே ஒருவர் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இவர் தாளக்கட்டைத் தாங்கி நிற்கிறார். நிற்கிறார் என்பதுகூடச் சரியில்லை, தள்ளிக்கொடுக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் இடம் மாறுகிறது. ஓடுகிறவர் மூச்சு வாங்கும் இடம் எது என்று அறிந்து அங்கே ஒரு வீச்சைக் கொண்டுவந்து வைக்கிறார். எங்கள் வாக்கெடுப்பில் இந்த வாசிப்புக்கு ஒரு வாக்கும் விழுந்ததில்லை. ஏனெனில் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தோம். ‘மூவர் போர்’ என்று புகழப்படும் இத்தட்டில் உள்ளவை ஐந்தே உருப்படிகள். முதல் மூன்றும் இருவர் வாசித்தவை: ஒன்றில் மெக்லாலின் இல்லை, ஒன்றில் பாகோ இல்லை, ஒன்றில் டி மியோலா இல்லை. நான்காவதான ‘ஃபான்டசியா சூட்’டில்தான் மூவரும் சேர்கிறார்கள். ஐந்தாவதான ‘கார்டியன் ஏஞ்சல்’ அந்த மேடையிலேயே வாசிக்கப்பட்டதன்று, கலையகத்தில் பதிவானது. ஆக, மூவர் மோதிய களம் என்று கட்சி கட்டியவர்கள், அந்தக் களத்தில் பெரும்பாலும் ஒருவர் இல்லவே இல்லை என்பதைக்கூடப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

பாகோவைப் பற்றி நின்று பேசியாக வேண்டும். ஃப்ளமெங்கோவில் கிதாருக்குத் தனிக்கச்சேரி என்பது பிற்கால விளைச்சல். அந்த மரபில் பாட்டே முதன்மை. கிதார் பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் பின்னால் அமர்வது. பாடகர் எந்தச் சொல்லில் உடைவார், எங்கே இழுப்பார் என்று உதட்டைப் பார்த்துக்கொண்டே வாசித்துப் பழகியவனே அங்கே கிதார்காரன். பாகோ அப்படித்தான் காமரோன் தெ லா இஸ்லாவின் குரலுக்குப் பின்னால் 1960களின் கடைசியிலிருந்து ஆண்டுக்கணக்கில் அமர்ந்தார். ஜாஸ்காரர்களோடு சேர்ந்தபோது, சுர அடுக்குகளின் மேல் அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிக்கும் வித்தை அவருக்குப் புதிது. கச்சேரிகளுக்கு முன் தலைவலியும் முதுகுவலியும் வந்து படுத்தும் அளவுக்கு அந்த நெருக்கடி இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகத்தின் தலைசிறந்த விரல்களை உடைய ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஊர் ஊராக, மேடையிலேயே நின்று கற்றுக்கொண்டிருந்தார். நம் நண்பர்கள் கீழே அமர்ந்து அவருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே எதிர்க்கட்சியையும் விட்டுவிட முடியாது. வேகமென்றாலே முகம் சுளிக்கும் ஜாஸ் ஆசாரக்காரர்கள் இருக்கிறார்கள். இவ்வகைப் பயணங்கள் அனைத்தும் சர்க்கஸ், ராக் கலந்ததால் வந்த கேடு என்பது அவர்கள் வாதம். சரித்திரம் அவர்களுக்குத் துணை நிற்காது. போட்டி வாசிப்பை ராக் இசை கண்டுபிடிக்கவில்லை. ஹார்லெமின் பியானோக்காரர்கள் ராக் பிறப்பதற்கு வெகுமுன்பே விடிய விடிய ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தவர்கள்தாம். 1930களில் கன்சாஸ் நகரில் கோல்மன் ஹாக்கின்ஸுக்கும் லெஸ்டர் யங்குக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் சாக்ஸஃபோன் போட்டி ஜாஸின் புராணங்களுள் ஒன்று. ஆனால் அந்தக் கதை இன்றும் சொல்லப்படுவது லெஸ்டர் அதிகச் சுரங்களை வாசித்தார் என்பதற்காக அல்ல. கனத்த குரல் ஒன்றின் எதிரே எடையற்ற வேறொரு குரலில் பேசலாம் என்று அவர் காட்டினார் என்பதற்காக. வேகம் எங்களுக்குப் பகையன்று. ‘ஃபான்டசியா சூட்’டை மெதுவாக வாசித்தால் அது வேறொன்றாகிவிடும்.

1973-ல் மெக்லாலினும் கார்லோஸ் சந்தானாவும் சேர்ந்து ‘லவ் டிவோஷன் சரண்டர்’ என்ற தட்டை வெளியிட்டு, அதே ஆண்டில் சேர்ந்து பயணமும் செய்தார்கள். இருவரும் அப்போது ஸ்ரீ சின்மய்யின் சீடர்கள். ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ தட்டின் முதல் உருப்படி. கணக்கப்பிள்ளைகள் இதற்குத் தீர்ப்பு எழுதுவது மிக எளிது: மெக்லாலின் பத்துச் சுரம் வாசிக்கும் நேரத்தில் சந்தானா ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஆகவே தோற்றார். அந்த ஒற்றைச் சுரம் நீண்டு, கனன்று, தேய்வதைக் கேட்டபின்பும் ஒருவரால் இப்படிச் சொல்ல முடிகிறதென்றால், அவருடைய செவிக்கும் கைக்கடிகாரத்துக்கும் என்ன வேறுபாடு?

ஜோ சட்ரியானி 1996-ல் தொடங்கிய ஜி3 பயணங்களைப் பற்றி நாங்கள் அத்தனை கனிவாகப் பேசப்போவதில்லை. முதல் ஆண்டு சட்ரியானி, ஸ்டீவ் வை, எரிக் ஜான்சன். பிற்பாடு யிங்வி மால்ம்ஸ்டீன், ஜான் பெட்ரூச்சி என்று பலர். மூவரும் தனித்தனியே தத்தம் குழுவோடு வாசிப்பார்கள். கடைசியில் மூவரும் கூடி ஹெண்ட்ரிக்ஸ், ஸாப்பா, நீல் யங் என்று பிறருடைய பாட்டை எடுத்துக்கொண்டு முறைவைத்து ஓடுவார்கள். ஒருவர் முறை வரும்போது மற்ற இருவருக்கும் பெரிதாக வேலையில்லை. மூவருக்கென்றே எழுதப்பட்ட உருப்படியும் அதில் கிடையாது. ‘ரெட் ஹவுஸ்’ நல்ல ப்ளூஸ்தான். ஆனால் மூன்று மேதைகளைக் கூட்டிவந்து அதன் மேல் வரிசையில் நிற்கவைப்பது, கூட்டம் யார் ஜெயித்தது என்று கேட்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து செய்த ஏற்பாடு. 2004-ல் ராபர்ட் ஃப்ரிப் அதே பயணத்தில் சேர்ந்து, ஓட்டம் என்பதே இல்லாத, அடுக்கடுக்காய்ப் படரும் ஒலிப்பரப்புகளை வாசித்தார். பந்தயத்துக்குச் சீட்டு வாங்கி வந்தவர்கள் அதை என்ன செய்வார்கள்?

இத்தனைக்கும் சட்ரியானிக்கும் வைக்கும் இடையே உள்ள உறவு சாதாரணமானதன்று. லாங் ஐலண்டில் பள்ளிச்சிறுவனாக இருந்த வைக்குக் கிதார் கற்றுக்கொடுத்தவர் சட்ரியானி. குருவும் சீடனும் பல ஆண்டுகள் ஒரே மேடையில் முறைவைத்து வாசித்தார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய முதல் உருப்படி வெளிவர 2024 ஆகவேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தில் ரசிகர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. நாம் கேட்டது பந்தயம். அவர்கள் பந்தயத்தை விற்றார்கள்.

இது கேட்பவர்களோடு நின்றுவிடுவதில்லை. எங்கள் வட்டத்தில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மெட்ரோனோம் வைத்து நாளுக்கு ஆறு மணிநேரம் பயிற்சி. டி மியோலாவின் ஓட்டங்களைப் பிசிறில்லாமல் வாசிப்பார். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்க வாய்த்த முதல் மாலையில், தன் முறை முடிந்ததும் கிதாரை மடியில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் கொஞ்சம் பிடித்துக்கொடு என்று மற்றவர் கேட்டபோது அவருக்கு உண்மையிலேயே அது விளங்கவில்லை. என்ன வாசிப்பது என்று திகைத்தார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. நாங்கள் பத்தாண்டுகளாக அவர் முன்னால் நடத்திய வாக்குவாதங்களில் இப்படி ஒரு வேலை உண்டென்று அவர் எங்கே கேட்டிருப்பார்? அவர் பிறகு வாசிப்பதையே விட்டுவிட்டார். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அந்த மாலையை மட்டும் எங்களால் மறக்க இயலவில்லை.

பக்கவாத்தியம் என்ற சொல்லை வைத்திருக்கும் நாம் இதில் ஏமாந்தது வெட்கக்கேடு. மெக்லாலின் ஏமாறவில்லை. உலகமே அவர் வேகத்தைக் கொண்டாடிய 1970களின் முற்பகுதியில் அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கச் சென்றார். அடுத்து எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு ‘சக்தி’ குழுவில் தரையில் அமர்ந்தார். அங்கே கடக்காரர் கோவை கட்டி முடிக்கும் இடம் தெரியாதவன் ஓர் ஆவர்த்தனம்கூடத் தாங்கமாட்டான்.

2017 இறுதியில் மெக்லாலின் தமது எழுபத்தைந்தாம் வயதில் ‘ஃபோர்த் டைமென்ஷன்’ குழுவோடு அமெரிக்காவுக்கு விடைசொல்லும் பயணம் ஒன்றை மேற்கொண்டார். (2023-ல் சக்தியோடு மீண்டும் அங்கே போனார் என்பது வேறு கதை. மேதைகளின் விடைபெறல்களை நாம் நம்புவதில்லை, மகிழ்ச்சியோடு.) உடன் வந்தவர் ஜிம்மி ஹெர்ரிங், ‘வைட்ஸ்ப்ரெட் பேனிக்’ குழுவின் கிதார் கலைஞர், தென்மாநில ராக் மரபில் ஊறியவர். முதலில் ஹெர்ரிங் குழு, அடுத்து மெக்லாலின் குழு, முடிவில் இரு குழுக்களும் ஒன்றாகக் கலந்து மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் பழைய உருப்படிகள். டிசம்பர் 8 அன்று, 37 ஆண்டுகளுக்கு முன் மூவர் வாசித்த அதே வார்ஃபீல்ட் அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு கிடைக்கிறது. ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’வில் நாலெண்ணுக்குள் அடங்காத அந்தக் கோணல் நடை ப்ளூஸாகத் திரும்பும் இடத்தைக் கேளுங்கள். இரண்டு குழுவாக வந்தவர்கள் ஒரே உடம்பாக நடக்கிறார்கள்.

1980 டிசம்பர் 6, அதாவது அந்த வெள்ளிக்கு மறுநாள் இரவின் பதிவு, 2022-ல் ‘சாட்டர்டே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ’ என்று வெளிவந்தது. பாகோ இறந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வந்த நண்பர் ஒருவர் ஆவலோடு கேட்டார்: இரண்டாம் இரவில் யார் ஜெயித்தது? பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைத் தட்டையே மறுபடி ஓடவிட்டு, டி மியோலாவின் முறை தொடங்கும் இடத்தில் ஹெட்போனின் இடக்காதை மட்டும் அவரிடம் கொடுத்தோம். ஒரு நிமிடம் போலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இவர் எப்போது வாசிக்க ஆரம்பிப்பார்?” என்றார்.