கையெழுத்துப் போடாதவர் யார்?

பட்டுக்கோட்டைப் பக்கத்து என் ஊர்ச் சொந்தங்களுக்கு, சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நம் ஆட்கள் கூடினால் பாதிப் பேச்சு மனையைப் பற்றித்தான். யார் எங்கே வாங்கினார், சதுர அடி என்ன விலை, புறவழிச் சாலை எந்தப் பக்கம் வருகிறது என்றுதான் போகும். ஊரிலிருந்து நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளும் இதையேதான் கேட்கின்றன: "நல்ல மனை ஒண்ணு வருது, போட்டுடலாமா?" விலை நிலவரம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் யார் போடவில்லை?

இங்கே சிங்கப்பூரில் அரசின் நிலப் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால், மோசடி போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்த உரிமையை அசைக்க முடியாது. பதிவேடே உரிமை. நம் ஊரில் அப்படி இல்லை. சார்பதிவாளர் அலுவலகம் பதிவு செய்வது பத்திரத்தை மட்டும்தான்; விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. அப்படியானால் அது வாங்குகிறவரின் வேலை. பட்டா இருக்கிறதே என்பீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டும் உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு நடந்த காலத்தில் தவறாக ஏறிய பெயர்களைத் திருத்த இன்றைக்கும் தாலுகா அலுவலகத்துக்கு நடப்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு.

விடுபடும் கையெழுத்துகளில் அதிகம் விடுபடுவது நம் வீட்டுப் பெண்களுடையது. "சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவளுக்கு இதுல என்ன இருக்கு" என்று அண்ணன் தம்பிகள் மட்டும் கூர்ச்சீட்டு எழுதிப் பிரித்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்துக் குடும்பத்தில், அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்தபோது மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. இது 1956லிருந்தே சட்டம். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா அந்த ஆண்டில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களிலும் மகளுக்குப் பங்கு உண்டு; அளவுக்குத்தான் வேறு சட்டம்.

இந்த உரிமை வில்லங்கச் சான்றில் தெரியாது. பதிவான பத்திரங்களைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். மகளின் பங்கோ சட்டத்தாலேயே வருகிறது, பத்திரத்தால் அல்ல. முப்பது வருட வில்லங்கம் சுத்தமாக இருக்கும். மனையில் அஸ்திவாரம் போட்ட பிறகு திருப்பூரிலோ மும்பையிலோ வாழும் ஓர் அக்காவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும். அவர் பேராசைக்காரர் அல்ல, கேட்பது அவர் பங்கு. அதனால் மூலப்பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இறந்திருந்தால், வாரிசுச் சான்றை வாங்கி ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "அக்கா ஒண்ணும் சொல்லாது" என்று புரோக்கர் சொல்வது போதாது. அந்த அக்காவுக்கு உரிய பணம் அவர் கைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். அது நியாயம், உங்களுக்குப் பாதுகாப்பும் கூட.

அடுத்தது பவர். வெளிநாட்டில் இருக்கும் எங்களால் பவர் கொடுப்பதைத் தவிர்க்க முடியாது; ஆனால் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரிலேயே சொத்து கைமாறிவிட்டதாக நினைப்பது தவறு என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அன்றே முடிகிறது. பவர் ஏஜெண்டிடம் வாங்குவதானால், கொடுத்தவரிடம் வீடியோ அழைப்பிலாவது நேரே பேசுங்கள், பவர் ரத்தாகவில்லை என்று பாருங்கள், பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கொடுக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: சர்வே எண்ணும் வேலையும் குறிப்பிட்ட தனி அதிகாரம் மட்டும் கொடுங்கள். இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பியதும், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருப்பவர் என்றால், வாங்குகிற நீங்கள் வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஐம்பது லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம் என்ற கணக்கு உள்நாட்டில் இருப்பவருக்குத்தான். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு அந்த வரம்பும் இல்லை, விகிதமும் அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை உங்களைத்தான் கேட்கும்.

இனி, தம்பி பெயர். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதனால் அண்ணன் பணம் அனுப்ப, தம்பி பெயரில் வயல் கிரயமாகிறது. அண்ணன் காசில், தம்பி பெயரில் மட்டும் வாங்கிய சொத்து பினாமிச் சட்டத்தில் மாட்டும். சட்டத்தில் மாட்டாவிட்டாலும், தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அது யார் நிலம் என்ற கேள்விக்குக் காகிதத்தில் ஒரே பதில்தான் இருக்கும். பிரியமான இரண்டு பேரைப் பகையாக்கும் ஏற்பாடு இது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

லேஅவுட் மனைக்கு அங்கீகார எண்ணையும் ரெரா எண்ணையும் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் 2016இல் தடை போட்ட பிறகும் "பின்னாடி வரைமுறைப்படுத்திக்கலாம்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். 20.10.2016க்குப் பிறகு பிரித்து விற்ற மனைக்கு வரைமுறைப்படுத்தும் திட்டம் பொருந்தாது. பஞ்சமி நிலம், கோயில் நிலம், நீர்நிலைப் புறம்போக்கு பக்கமே போக வேண்டாம். பஞ்சமி நிலம் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களிடமே இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை மறக்காதீர்கள். முப்பது லட்சத்துக்கு அதுவே 2,70,000. பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. கிரயத் தொகையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்று குறைத்து எழுதினால், நாளை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து அதற்கு நீங்கள் வரி கட்டுவீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வாரிசுச் சான்று ஆகிய எல்லாவற்றையும், விற்பவர் காட்டும் வக்கீலிடம் அல்ல, உங்கள் வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் கேட்கும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். அதற்குள் வேறு யாராவது அந்த மனையை வாங்கிவிட்டால் வாங்கட்டும். பட்டுக்கோட்டையைச் சுற்றி மனைக்குப் பஞ்சமில்லை.